இருநூற்றுப் பதினான்காவது தலைக்கட்டு

கோதண்டராமன் வாயைத் திறந்தால் படப்பையில் ஏறிய ஆள் ஓரகடத்தில் இறங்கும்வரை மூட மாட்டார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் அப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் பதினெட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது, ஷிஃப்டுக்கு ஒரு நாள் லேட் கிடையாது. அதனால் சூப்பர்வைசர்கூட அவரை ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளா அவர்? பிடிவாதத்தில் அவரோடு போட்டி போட மண்ணூர் வட்டாரத்தில் ஒருத்தர்தான் உண்டு, அது அவர் மனைவி செங்கமலம்.

மண்ணூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அவருடையது. இருந்த ஒன்றரை ஏக்கர் கம்பெனிகளுக்குப் போனது. வந்த பணத்தில் மாடி வீடு கட்டி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் புரோக்கர் ஒருவர் ஒரு கொரியாக்காரரை அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். பெயர் ஹான். கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பாகங்களை வார்க்கிற அச்சுகளைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். மனைவியும் மகளும் அங்கே பூசான் நகரத்தில் இருந்தார்கள். மற்ற கொரியாக்காரர்கள் எல்லாம் பெரிய அபார்ட்மெண்டில் சேர்ந்து இருக்க, இவர் மட்டும் தனி வீடு கேட்டு வந்திருந்தார். செங்கமலத்துக்கு அரை மனசுதான். வீட்டுச் சாவியை அவர் இரண்டு கையாலும் வாங்கியதைப் பார்த்தபிறகு முழு மனசாயிற்று. "ரெண்டு கையால வாங்குறவன் கெட்டவனா இருக்க மாட்டான்" என்றாள்.

முதல் மாதத்திலேயே சோதனை வந்தது. மாடியிலிருந்து ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று துடைப்பத்தோடு மேலே போனாள் செங்கமலம். பார்த்தால் ஜாடியில் முட்டைக்கோஸ் ஊறுகாய். ஹான் ஒரு கிண்ணத்தில் போட்டு, அதையும் இரண்டு கையால் நீட்டினார். தின்று பார்த்துவிட்டு அவள் சொன்ன ஒரே குறை, எண்ணெய் ஊற்றாமல் ஊறுகாய் எப்படி நிற்கும் என்பதுதான். மறுநாள் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துப் போய்ப் பாதி ஜாடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். அந்த மனுஷன் ஒரு மாதம் வாய் பேசாமல் அதைத் தின்று தீர்த்தார். கெட்டுப்போனது என்று அவர் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பழகிற்று. லுங்கி இடுப்பில் நிற்கவில்லை என்று அதன்மேல் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார். வழியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் குனிந்து வணக்கம் வைப்பார். முதலில் சிரித்த ஊர், பிறகு தானும் குனிய ஆரம்பித்தது. மோட்டார் போடுகிற நேரம், கரண்ட் போகிற நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டேங்க் நிரம்பி வழிந்தால் கோதண்டராமனுக்கு முன்னால் அவர் ஓடுவார். அவர் பேசும் தமிழ் கம்பெனித் தமிழ். 'சீக்கிரம்', 'போதும்', 'நாளைக்கு வேணாம், இன்னைக்கே' என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. நலம் விசாரிக்கத்தான் வராது.

பழகின புதிதில் ஒருநாள், "அண்ணா, உங்க வயசு என்னா?" என்று கேட்டார்.

"அம்பத்தி மூணு. உனுக்கு?"

"அம்பத்தி ஒண்ணு. அப்ப நீங்க பெரிய அண்ணா." அவர்கள் ஊரில் வயது கேட்காமல் பேச்சே தொடங்காதாம். கோதண்டராமனுக்கு ஏகத் திருப்தி. நம்மூர் ஆளேதான் என்று அன்றைக்கே பஸ்ஸில் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொன்னியம்மன் கோவில் ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க வந்தார்கள். ஊரில் ஒரு அடுப்புக்கு ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்துப் பெயர் நோட்டில் ஏறினால்தான் ஊர்க்காரன். பங்கும் உண்டு, பேச்சும் உண்டு. வாடகைக்கு இருக்கிறவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம், அவ்வளவுதான். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹான் விளக்கம் கேட்டார். கோதண்டராமன் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேல ஒரு அடுப்பு இருக்கு" என்றார் ஹான்.

தர்மகர்த்தா புருஷோத்தமன் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் கோதண்டராமனும் பங்காளிகள், ஒரே பாட்டன் வழி. புருஷோத்தமன் ஒரு வயது மூத்தவர். பங்காளி என்றால் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா.

"அசலூரானை எப்படிடா தலைக்கட்டுல சேக்கறது? தெக்கத்திப் பசங்க முப்பது பேரு ரூம் எடுத்துக்கினு கீறானுங்க. அவனுங்களயும் சேப்பியா?"

"அவனுங்க மெஸ்ஸுல துன்றானுங்க. இவன் அடுப்பு வச்சிக்கினு கீறான். ரூலு நீ போட்டதுதானே?"

மூன்று வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் நோட்டில் இருநூற்றுப் பதினான்காவது தலைக்கட்டாக ஹான் ஏறினார். யானையை ஜெயித்தவர்போலக் கோதண்டராமன் வீட்டுக்கு வந்தார்.

இந்த வருஷத் திருவிழா அவருக்கு மற்ற வருஷம்போல அல்ல. பூங்கரகம் தூக்கும் உரிமை ஊரில் நான்கு வகையறாவுக்கு. ஒரு வகையறாவுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும், வகையறாவுக்குள் மூப்பு பார்த்துத் தூக்குவார்கள். போன தடவை அவர் முறை வந்தபோது கொரோனா. கோவிலே பூட்டிக் கிடந்தது. நின்ற முறை நின்றதுதான், ஈடு கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி, 'ஊர் செய்த குற்றமா, கோதண்டம் செய்த குற்றமா' என்று பெரியவர்கள் பேசி, இந்த ஒரு தடவை மட்டும் மறுபடி அவருக்கு என்று தீர்த்தார்கள். அடுத்த முறை புருஷோத்தமனின் தம்பி மகன் ஸ்ரீதருக்கு. ஆக, இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை. அப்பா தூக்கினார், தாத்தா தூக்கினார், நான் தூக்காமல் போய்ச் சேரக் கூடாது என்பது அவருக்கு ஒரு வெறியாகவே இருந்தது. மஞ்சள் வேட்டி சித்திரையிலேயே வாங்கிப் பீரோவில் வைத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் அடுத்த ஞாயிறு கூழ் ஊற்றிக் கரகம் வீதி வரும்வரை கவிச்சி கூடாது, குடி கூடாது, இரவு ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. முன்பெல்லாம் எல்லை என்றால் ஏரிக்கரை. பாதி ஊர் நைட் ஷிஃப்ட் போக ஆரம்பித்ததும், கம்பெனி கேட்வரை எல்லைதான் என்று அம்மனிடம் பூ கேட்டு நீட்டிக்கொண்டார்கள். அம்மனுக்கும் ஷிஃப்ட் தெரியும்போல, பூ விழுந்தது.

ஹானும் வந்து கையை நீட்டினார். விதிகளைக் கோதண்டராமன் சொல்லச் சொல்ல ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "எட்டு நாள். ஓகே" என்றார். பூசாரி பாபு கட்டிவிட்டார். பாபுவுக்குக் கோவில் வேலை போக, கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும் உண்டு.

புதன்கிழமை சாயங்காலம் ஹான் கீழே வந்தார். கதவைத் தட்டாமல் நின்றுகொண்டே இருந்தார். செங்கமலம்தான் பார்த்தாள்.

"அண்ணா, அப்பா ஹாஸ்பிட்டல். நுரையீரல். டாக்டர், ரெண்டு நாள், மூணு நாள்னு சொல்லிட்டாங்க." வலது கையால் இடது மணிக்கட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் போலாமா?"

ஐம்பத்து நாலு வயது மனுஷன், சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க அனுமதி கேட்டு நிற்கிறார். போ என்று சொல்லக் கோதண்டராமனுக்கு வாய் வந்தது, ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் இவர் ஒருத்தர் சொல்லி அவிழ்க்கிற கயிறு இல்லை அது.

"டிக்கெட்டைப் போடு. காலையில கோயில்ல பேசிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஹான் பெட்டியோடு கோவில் வாசலில் நின்றார். மத்தியானம் விமானம். கம்பெனி அனுப்பிய கார் தெருமுனையில் நின்றது. பாபு நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனிச் சட்டைக்குக் கீழே வேட்டியோடு வந்தார். புருஷோத்தமன் விஷயத்தைக் கேட்டதும், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை.

"ஒரு வழி கீது. அசலூரான்னு சொல்லிக் காப்ப அறுத்துடலாம். அசலூரானுக்குக் காப்பு செல்லாது. நோட்டுல பேரை அடிச்சிடறேன். அவரு நல்லபடியா போயி அப்பாவப் பாக்கட்டும். ஒரு தோஷமும் இல்ல."

கோதண்டராமன் ஹானுக்கு விளக்கினார். ஹான் முழுவதும் கேட்டுவிட்டு, "பேரு அடிச்சா, அடுத்த வருஷம் திரும்ப எழுதுவாங்களா?" என்றார்.

"அடிச்சது அடிச்சதுதான் சார்" என்றார் புருஷோத்தமன்.

ஹான் தலையை ஆட்டினார். காரைப் பார்த்தார். கோவிலைப் பார்த்தார். கையை நீட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அச்சு ஒரு நூல் விலகியிருந்தாலும் லைனை ஓட விடாத ஆள் அவர். தெரிந்து கட்டிக்கொண்டதை, இது எனக்குச் செல்லாது என்று சொல்லி அறுக்க அவருக்குக் கை வரவில்லை. நேரமோ போய்க்கொண்டிருந்தது.

கோதண்டராமன் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் அன்புவுக்கு நெஞ்சு வலின்னு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோமே, அவன் காப்ப இன்னா பண்ணீங்க?"

"அவன் சித்தப்பா மவன் கையில மாத்திக் கட்டினோம். அது பங்காளி, கட்டலாம்" என்றார் பாபு.

கோதண்டராமன் தன் கையை நீட்டினார். அதில் ஏற்கெனவே ஒரு காப்பு இருந்தது. "அப்ப இதுலயே கட்டு. நான் இவனுக்குப் பங்காளி."

யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமன் சிரிக்கவில்லை. "கோதண்டம், பங்காளின்னா இன்னான்னு தெரிஞ்சுதான் சொல்றியா? அம்மா எதிர்ல சொல்ற."

"தெரியும். அவன் எனுக்குத் தம்பி. மாத்திக் கட்டு."

எல்லாம் யோசித்துத்தான் சொன்னார் என்று நான் சொன்னால் அது பொய். கார் நின்றுகொண்டிருந்தது, மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார், சொல்லிவிட்டார். பாபு ஹான் கையிலிருந்த காப்பை அவிழ்த்துக் கோதண்டராமன் கையில் கட்டினார். ஹான் அந்த இரண்டு கயிற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறினார்.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. செங்கமலம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, அப்பா நேத்து ராத்திரி போய்ட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன். கை புடிச்சேன். என் பேரு சொன்னாரு." அதற்குமேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. கொரிய மொழியில் ஏதோ சொன்னார். இவர்களுக்குப் புரியவும் செய்தது.

ஃபோனை வைத்ததும் கோதண்டராமன் மோட்டார் ரூம் படியில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. சில ஊரில் காப்புக் கட்டிவிட்டால் சாவுத் தீட்டு ஒட்டாது என்பார்கள். இந்த ஊர் வழக்கம் அப்படி இல்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் காப்பை அவிழ்க்க வேண்டும், கரகத்தைத் தொடக் கூடாது. ஹானைப் பங்காளி என்று அம்மன் எதிரில் சொன்னது அவர் ஒருத்தர்தான், தீட்டும் அவர் வீட்டுக்கு மட்டும்தான். விடிந்தால் கரகம்.

செங்கமலம் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு அவரைவிட முன்பே உறைத்திருந்தது.

"இத யார் கிட்டயும் சொல்லாத."

அவர் இரண்டு கயிற்றின் முடிச்சையும் விரலால் நெருடினார்.

"கொரியாவுல ஒரு பெரியவரு செத்ததுக்கு இங்க உனுக்கு இன்னாயா தீட்டு? ஒரு பேச்சுக்குச் சொன்ன. யாரும் கேக்கப் போறதில்ல. நாளைக்கு ஒரு நாளு, அப்புறம் சொல்லிக்கலாம். எத்தினி வருசமாக் காத்துக்கினு கீற." சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

"எனுக்கு மட்டும் ஆசை இல்லியா?" என்றார் அவர். கோபமாகத்தான் ஆரம்பித்தார், குரல் உடைந்துவிட்டது. "நான் பங்காளி இல்லன்னா மாத்திக் கட்டினது செல்லாது. மாத்திக் கட்டினது செல்லாதுன்னா, அவன் காப்போட எல்லை தாண்டினவன் ஆயிடறான். எல்லை தாண்டினதாலதான் அப்பன் செத்தான்னு, அந்தப் பாவம் அவன் வெறுங்கையில போயி நிக்கும். ஊர்ல எவனாவது நாளைக்கு அப்படித்தான் பேசுவான். அதுக்கா அனுப்பி வச்சேன்?"

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வெந்நீர் போட்டாள். பங்காளி வீட்டுச் சாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊற்ற வேண்டும்.

குளித்த ஈரத்தோடு கோவிலுக்குப் போனார். உள்ளே போகாமல் பந்தலுக்கு வெளியே நின்று பாபுவைக் கூப்பிட்டார். இரண்டு காப்பையும் அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். விஷயம் கேட்டுப் புருஷோத்தமன் வேகமாக வந்தார்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? நாங்க இன்னா கேட்டமா? அந்த மனுசன் போவணும்னு ஒரு வழிக்காக ஒத்துக்கினோம்."

"வழிக்காகவா? அம்மா எதிர்லன்னு நீதானேண்ணே சொன்ன?"

புருஷோத்தமன் அவர் கையிலிருந்த இரண்டு கயிற்றையும் பார்த்தார். நோட்டில் பெயர் ஏற்ற மூன்று வாரம் சண்டை போட்ட ஆள், இப்போது சண்டையே இல்லாத இடத்தில் தானாக வந்து தோற்றுக்கொண்டிருந்தார்.

பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஸ்ரீதர் இறங்கி வந்தான். முப்பது வயது, அசெம்ப்ளி லைனில் வேலை. "பெரிப்பா, எனக்கு வேணாம். நீங்க இருக்க நான் தூக்க மாட்டேன்."

"விரதம் இருந்தியா?"

"இருந்தேன்."

"கவிச்சி, குடி, ஒண்ணும் இல்லியே?"

"இல்ல பெரிப்பா."

"அப்ப தூக்கு. பீரோவுல மஞ்சள் வேட்டி புதுசா கீது. பெரிம்மாவக் கேளு" என்றவர், உடனே தலையில் அடித்துக்கொண்டார். தீட்டு வீட்டு வேட்டியைக் கரகத்துக்குக் கட்டக் கூடாதே. "வேணாம், கடையில ஒண்ணு வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் கோலம் இல்லை. பக்கத்து வீடுகளில் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் பெண்கள் காத்திருந்தார்கள். செங்கமலம் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். கோதண்டராமன் ஜன்னலோரம் நின்றார். பம்பைச் சத்தம் தெருவுக்குள் திரும்பியது. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நின்றது, தண்ணீர் ஊற்றினார்கள், தீபம் காட்டினார்கள். இவர் வாசல் வந்ததும் பம்பை நின்றது. ஸ்ரீதர் தலை திருப்பாமல் நடந்தான். கூட்டம் சத்தமில்லாமல் கடந்தது. அடுத்த வீட்டு வாசலில் பம்பை மறுபடி தொடங்கியது. கோதண்டராமன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நாலு வருஷம் அல்ல, ஐம்பது வருஷ ஆசை தெருவோடு போய்க்கொண்டிருந்தது. அழாமல் என்ன செய்வார்.

திங்கட்கிழமை காலை ஊரில் காப்பு அவிழ்த்தார்கள். காப்போடு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, அவிழ்த்தபிறகு போகலாம். எட்டு மணி இருக்கும். செங்கமலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். புருஷோத்தமன் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பாபு, ஸ்ரீதர், அன்பு, இன்னும் வகையறாக்காரர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தார்கள். கரகம் பற்றி ஏதோ பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கோதண்டராமன் எழுந்தார்.

புருஷோத்தமன் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சாவு வீட்டில் துக்கம் கேட்கிறவர் நீட்டுகிறபடி. கோதண்டராமன் ஒரு கணம் விழித்தார். பிறகு அந்தக் கைகளைத் தொட்டார். ஒவ்வொருவராக நீட்டினார்கள், ஒவ்வொருவர் கையையும் தொட்டார். ஜமக்காளத்தை விரித்துவிட்டுச் செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள்.

"இன்னா வயசு ஆச்சு அவருக்கு?" என்று கேட்டார் புருஷோத்தமன்.

"எம்பத்தி மூணு."

"உடம்புக்கு ரொம்ப நாளா?"

"நுரையீரல். கடல்ல மீன் புடிக்கப் போனவரு."

"புள்ள போயி சேந்தாரா?"

"சேந்தான். கையப் புடிச்சிக்கினு இருந்தானாம். பேரு சொல்லிக் கூப்ட்டாராம்."

"அது போதும். அதுக்குமேல ஒரு தகப்பனுக்கு இன்னா வேணும்." புருஷோத்தமன் தரையைப் பார்த்தபடி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "பதினாறு, அடுத்த சனிக்கெழம விட்டு அதுக்கடுத்த சனிக்கெழம வருது. அதுக்குள்ள சின்னவரு வந்துடுவாரா?"

"வந்துடுவான்."

"வகையறாவுக்கு நானே சொல்லிடறேன்."

துக்க வீட்டில் காப்பி கிடையாது என்பதால் செங்கமலம் எதுவும் கொண்டுவரவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. பிறகு புருஷோத்தமன் எழுந்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்வது வழக்கமில்லை. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். மற்றவர்களும் ஒன்றும் சொல்லாமல் அவர் பின்னால் போனார்கள்.